கடந்த தூரத்தின் கணக்கு

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் பஸ்களையும் ரயில்களையும் நடத்திவரும் டிரைமெட் என்னும் ஸ்தாபனம், 2005-ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனத்தாரோடு சேர்ந்து தன் கால அட்டவணைகளை எளிய பட்டியல்களாக அமைத்துக் கொடுத்ததிலிருந்து பிறந்த ஜி.டி.எஃப்.எஸ். என்ற முறை, இன்று கைபேசியில் பஸ் தேடுகிறவர்களுக்குப் பல தேசங்களில் ஆதாரமாக நிற்கிறது. அதில் பாதையின் வடிவத்தைக் கூறும் பட்டியலில், வழியைப் புள்ளி புள்ளியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, வரிசை எண் ஆகியவற்றை எழுதுவதோடு, புறப்பட்ட இடத்திலிருந்து அதுவரை கடந்த தூரத்துக்கும் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். அதை நிரப்புவது அவரவர் இஷ்டமாதலால், காலியாக விடுகிறவர்களும் உண்டு. அப்போது கணக்கிடும் பொறுப்பு தரவுத்தளத்தை வைத்திருப்பவர் தலையில் விழுகிறது.

இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அறிவது சுலபம்; சிரமமெல்லாம் அவற்றை வரிசைக்கிரமமாகக் கூட்டிக்கொண்டே போவதில்தான். அட்டவணைத் தரவுத்தளங்களுக்கு எட்கர் காட் 1970-இல் வகுத்த சித்தாந்தத்தின்படி, அட்டவணையிலுள்ள வரிகளுக்கு முன் பின் என்ற கிரமமே கிடையாது. ஆகையால் பழைய நாளில் தரவுத்தளத்தைக் கேட்க எழுதிய கொயரி என்னும் வினா, அட்டவணையை அதனோடேயே இணைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் அதற்கு முற்பட்ட துண்டுகளையெல்லாம் திரட்டி, முதலிலிருந்து கூட்டச் சொல்லும். முன் பக்கத்துத் தொகையை எடுத்து எழுதத் தெரியாமல், தினமும் பேரேட்டை முதல் ஏட்டிலிருந்து கூட்டுகிற கணக்குப்பிள்ளையின் பிழைப்புத்தான் அது. ஆயிரம் துண்டுகள் உள்ள பாதைக்கு அவ்வகையில் 5,00,500 எண்களைத் திரட்டியாக வேண்டும். படிப்பதற்கும் அந்த வாசகம் லேசில் விளங்காது.

இதற்குப் பரிகாரம், அத்தகைய வினாக்களை எழுதும் எஸ்.க்யூ.எல். மொழியின் 2003-ஆம் ஆண்டுப் பிரமாணத்திலேயே வந்துவிட்டது. தரவுத்தள மென்பொருள்களில் போஸ்ட்கிரஸ் 2009-இலும், மைஎஸ்க்யூஎல் மிகவும் தாமதித்து 2018-இலும் ஏற்றுக்கொண்ட அந்த வசதிக்கு ‘விண்டோ ஃபங்ஷன்’ என்று பெயர். ‘லேக்’ என்ற சொல் முந்திய வரியின் புள்ளியைக் கொணர்ந்து தருகிறது. அதற்கும் இப்புள்ளிக்கும் உள்ள தூரத்தை உள்வினாவில் கணித்துவிட்டு, வெளிவினாவில் ‘சம்’ என்பதோடு ‘ஓவர்’ சேர்த்து வரிசை எண்ணைக் குறிப்பிட்டால், தொகை தானாகவே வளர்ந்துகொண்டு வருகிறது. ஒன்றுக்குள் ஒன்றாக இவற்றை அடுக்க மொழி இடம் கொடுக்காது என்பதால்தான் இந்த இரண்டு படிகள். ‘பார்ட்டிஷன் பை’ என்று தடத்தின் பெயரையும் சொல்லிவிட்டால், அடுத்த தடம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

எளிமையான வாசகத்திலும் ஏமாற இடமுண்டு. ஒரே வரிசை எண் இரு புள்ளிகளுக்கு அமைந்துவிட்டால், இரண்டு துண்டுகளையும் ஏககாலத்தில் கூட்டி, இரண்டுக்கும் ஒரே தொகையை எழுதிவிடும். அதனினும் பெரிய விபரீதம் பாகைகளையே தூரமென்று கொள்வது: போர்ட்லண்டு இருக்கும் 45½ பாகை அட்சரேகையில், வடக்கு தெற்காக ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர், கிழக்கு மேற்காகவோ 78 கிலோமீட்டர்தான். வினா எவ்வளவு சுருங்கினாலும், இரண்டையும் சமமாகக் கூட்டினால் விடை எந்த அளவிலும் அடங்காத ஓர் எண்ணாகவே முடியும். போஸ்ட்கிரஸோடு இணைக்கும் போஸ்ட்ஜிஐஎஸ் 2010-இல் சேர்த்துக்கொண்ட ‘ஜியாகிரஃபி’ வகையில் புள்ளிகளை வைத்துக்கொண்டால், பூமியின் வளைவை அனுசரித்து விடை மீட்டரிலேயே வந்துவிடுகிறது.