பழைய சர்வரும் அதற்குள் ஒரு பேட்டரியும்

சாத்தூர் வாசகர் ஒருவர், சிவகாசி அச்சகம் ஒன்றின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர், கடிதம் எழுதியிருக்கிறார். நெட்வொர்க் ஸ்விட்ச், கேமரா, பிரிண்டர் எல்லாவற்றையும் கண்காணிக்க ‘கேக்டை’ (Cacti) என்ற மென்பொருளை நிறுவப் போகிறாராம். யாரோ கழித்துவிட்ட சர்வர் மலிவாக வருகிறது, 12 கோர், வாங்கலாமா என்கிறார்.

கோர் கணக்கை விடுங்கள். கண்காணிப்பு மென்பொருள் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு போர்ட்டையும் விசாரித்து, கிடைத்த எண்ணைக் குறித்துவைக்கிறது. 24 போர்ட் உள்ள ஸ்விட்ச் 40 இருந்தால் 960 போர்ட். புராசசருக்கு இது ஒரு வேலையே இல்லை. திணறுவது டிஸ்க்தான். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள். ஒவ்வொன்றிலும் நாலைந்து எண் எழுத டிஸ்க்கின் முள் இங்குமங்கும் ஓட வேண்டும். ஒரு சுற்று முடியுமுன் அடுத்த சுற்று வந்துவிட்டால் வரைபடத்தில் ஓட்டை விழும்.

பழைய சர்வரின் அருமை இங்கேதான். அதன் டிஸ்க்குகளை நிர்வகிக்கும் ரெய்டு கார்டில் 512 எம்பி அளவில் தனி நினைவகம், அதாவது கேஷ், இருக்கும். வருகிற எண்களை அது வாங்கி வைத்துக்கொண்டு, ‘எழுதியாச்சு’ என்று உடனே பதில் சொல்லிவிடும். பிறகு ஒழுங்குபடுத்தி நிதானமாக டிஸ்க்குக்கு அனுப்பும். நடுவில் கரண்ட் போனால்? அதற்காகவே கார்டோடு ஒரு குட்டி லித்தியம் பேட்டரி. எழுதாமல் நிற்கும் எண்களை ஒன்றிரண்டு நாள் அது காப்பாற்றும்.

எனக்குப் பிடித்த விசித்திரம் இதுதான்: டெல்லின் பழைய கார்டுகள் சில, 90 நாளுக்கு ஒருமுறை தம் பேட்டரியைத் தாமே முழுக்க வடித்து, மறுபடி ஏற்றிச் சோதிக்கும். அந்தச் சில மணி நேரம் கார்டு யாரையும் நம்பாது. ஒவ்வோர் எண்ணையும் டிஸ்க்கில் எழுதிய பிறகே பதில் சொல்லும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காரணமில்லாமல் சர்வர் மந்தமாகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் இதைப் பாருங்கள். பேட்டரி செத்துவிட்டாலோ அந்த மந்தமே நிரந்தரம். வேகத்துக்கு ஆசைப்பட்டு பேட்டரி இல்லாமலே கேஷை ஓட்ட அமைப்பை மாற்றுகிறவர்களும் உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவிக்கிற நம் ஊரில் அது வம்பை விலைக்கு வாங்குவது.

ஜெர்மனியிலிருந்து வரும் செகண்ட் ஹேண்ட் ஆஃப்செட் மெஷினை வாங்குகிற சிவகாசிக்காரர் பெயின்ட் பளபளப்பில் மயங்குவதில்லை. எத்தனை இம்ப்ரெஷன் ஓடியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார். டிஸ்க்கும் தான் ஓடிய மணிக்கணக்கைத் தானே குறித்து வைத்திருக்கிறது. 43,800 மணி என்றால் ஐந்து வருடம் இடைவிடாமல் ஓடியது. அச்சு மெஷினுக்குக் காட்டும் அந்தக் கண்டிப்பை ஏன் சர்வருக்குக் காட்டுவதில்லை? எல்லாவற்றையும் காவல் காக்கிற பெட்டிக்குத்தான் கழிசடை டிஸ்க், மாடிப்படிக்கு அடியில் இடம். அச்சகத்தில் ஸ்ப்ரே பவுடர் சர்வரின் ஃபேனில் அப்பிக்கொள்ளும். பல பழைய சர்வர்களுக்கு உள்ளே போகும் காற்று 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நம் சித்திரை வெயிலில் அது தானாக அமையாது.

மின்கட்டணத்தையும் போட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 150 வாட் இழுக்கும் சர்வருக்கு மாதம் 108 யூனிட் ஆகும். ஆகவே வாசகருக்கு என் பதில்: ஸ்விட்ச் பத்துப் பதினைந்துதான் என்றால் சர்வரே வேண்டாம், எஸ்எஸ்டி போட்ட சிறிய டெஸ்க்டாப் போதும். அதற்கு மேல் என்றால் வாங்குங்கள். ஆனால் கடையிலேயே ஓடவிட்டு, ரெய்டு கார்டின் அமைப்புத் திரையில் பேட்டரி நிலையைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.