செகண்ட்ஹேண்ட் கிரில்லும் கொஞ்சம் ஹீட் டிரான்ஸ்ஃபரும்

ஹாஸ்டலை விட்டு வெளியே வீடு எடுத்துத் தங்கியிருக்கிற நாங்க நாலு பேரும் காசு போட்டு ஒரு கரி கிரில் வாங்கினோம். பழைய சாமான் கடையில் ஓரமாகக் கிடந்தது. பேரம் பேசி 1,100 ரூபாய். வட்டமான சட்டி, மேலே கம்பி வலை, உள்ளே 40 செ.மீ. அகலக் கரித் தட்டு. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதை இழுத்து அஞ்சு பள்ளங்களில் எதில் மாட்டுகிறோமோ, அந்த உயரத்தில் கரித் தட்டு நிற்கும். "கேஸ் அடுப்பு நாப் மாதிரிதான்டா, ஈஸி" என்றான் ரூம்மேட்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே ஜூனியர் பசங்களைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டோம். ரெண்டு கிலோ சிக்கன், எல்லாமே லெக் பீஸ். பத்து நிமிஷத்தில் வெளியே கரி, எலும்புப் பக்கம் பச்சை. ரெண்டாம் பள்ளத்தில் இருந்த தட்டை நாலாம் பள்ளத்துக்கு இறக்கினோம். அப்பவும் கருகியது. கடைசியில் எல்லாருக்கும் கடை பரோட்டா. "கைப்பிடி வேஸ்ட், ஏமாந்துட்டோம்" என்று முடிவு கட்டினோம்.

அடுத்த நாள் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தபோதுதான் புரிந்தது. கைப்பிடி சரியாகத்தான் வேலை செய்தது. தப்பு எங்க கணக்கில்.

வலைக்கும் கரிக்கும் நடுவே ரெண்டாம் பள்ளத்தில் 8 செ.மீ., நாலாம் பள்ளத்தில் 16 செ.மீ. இடைவெளி. தூரம் ரெண்டு மடங்கானால் வெப்பம் நாலில் ஒரு பங்கு ஆகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நம்பியிருந்தோம். அந்த விதி புள்ளி மாதிரி சின்ன மூலத்துக்குத்தான் பொருந்தும். தட்டு முழுக்கப் பரப்பிய கரி புள்ளி இல்லை, தகதகக்கும் ஒரு வட்டம். வலையின் நடுவில் இருக்கிற துண்டுக்கு R²/(R²+h²) என்ற வியூ ஃபேக்டர் வரும். R கரிப் படுகையின் ஆரம், h இடைவெளி.

R = 20 போட்டுப் பாருங்க. 8 செ.மீ. இடைவெளியில் 0.86. 16 செ.மீ. இடைவெளியில் 0.61. அதாவது தூரத்தை இரட்டிப்பாக்கியும் கதிர்வீச்சு 30 சதவீதம்கூட முழுசாகக் குறையவில்லை! 75 சதவீதம் குறையும் என்று எதிர்பார்த்தால் கோழி கருகாமல் என்ன செய்யும்?

அதே கரியை நடுவில் 8 செ.மீ. ஆரத்துக்குக் குவித்து வைத்தால் கதை மாறும். 8 செ.மீ. இடைவெளியில் 0.5, 16-ல் 0.2. இப்போது 60 சதவீதம் குறைகிறது. ஆக, கைப்பிடிக்கு எவ்வளவு பவர் என்பது கரியை எப்படிப் பரப்புகிறோம் என்பதைப் பொறுத்தது. கரியிலிருந்து மேலே ஏறும் சூடான காற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அதனால் நிஜத்தில் எண்கள் கொஞ்சம் மாறும். போக்கு இதுதான்.

ரெண்டாவது கண்ட்ரோலை நாங்க கவனிக்கவே இல்லை. சட்டியின் அடியில் காற்று போகிற துளைகளும், அவற்றை மூட ஒரு தகடும் இருந்தன. துரு பிடித்து, முழுசாகத் திறந்த நிலையில் இறுகிப்போயிருந்தன. கதிர்வீச்சு வெப்பநிலையின் நாலாம் அடுக்கில் ஏறி இறங்கும். கரியின் சூடு 1000 கெல்வினிலிருந்து 900-க்கு இறங்கினாலே கதிர்வீச்சு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். தட்டை 8 செ.மீ. இறக்கியதைவிட இது அதிகம்! ஆனால் காற்றைக் குறைத்தால் பலன் தெரியச் சில நிமிஷங்கள் ஆகும். கைப்பிடி உடனே வேலை செய்யும், ஆனால் கொஞ்சமாக. கொழுப்பு சொட்டி தீ எழும்பினால் கைப்பிடி. மொத்தச் சூடே அதிகம் என்றால் துளை. இந்த ரெண்டையும் பிரித்துத் தெரிந்துகொண்டதுதான் எங்களுக்குக் கிடைத்த பாடம்.

மூணாவது விஷயம், சூடு உள்ளே போக நேரம் வேண்டும். துண்டின் தடிமன் ரெண்டு மடங்கானால் நேரம் சுமார் நாலு மடங்கு ஆகும். தீயைக் கூட்டி இதை ஜெயிக்க முடியாது, மேல்தோல்தான் கருகும். அதனால் இப்போது கரியை ஒரு பாதியில் மட்டும் பரப்புகிறோம். அந்தப் பக்கம் நிறம் வரும்வரை வாட்டிவிட்டு, கரி இல்லாத பக்கம் தள்ளி மெதுவாக வேகவிடுகிறோம். சிக்கன் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்க.

நீங்களும் பழைய கிரில் வாங்கினால், சமைப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்க.

சட்டியின் அடியை ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்க. மேல் துரு பரவாயில்லை. ஓட்டை விழுந்தால் வேண்டாம். வலையில் முலாம் உரிந்திருந்தால் துருப்பிடிக்காத ஸ்டீல் வலையாக மாற்றுங்க. நாக முலாம் பூசிய தகட்டையோ வலையையோ பதிலுக்குப் போடாதீங்க. நாகம் 419 டிகிரியிலேயே உருகும், அதன் புகை உடம்புக்கு ஆகாது.

ஒரு தடவை வெறும் கரியை மட்டும் போட்டு நல்லா எரியவிட்டு, பழைய எண்ணெய், பிசுக்கு எல்லாம் போன பிறகு வலையைத் தேய்த்து, ஈரத்துணியால் துடைங்க. பிரஷ் கம்பி ஒட்டியிருந்தால் சாப்பாட்டோடு உள்ளே போகும்.

பிறகு வலை முழுக்க பிரெட் துண்டுகளை அடுக்கி ஒரு நிமிஷம் கழித்துத் திருப்பிப் பாருங்க. எங்கே கருப்பு, எங்கே வெள்ளை என்று உங்க கிரில்லின் வெப்ப வரைபடமே கிடைத்துவிடும். எங்க தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருப்பது இப்படித்தான் தெரிந்தது. ரெண்டு வாஷர் போட்டதும் சரியானது.

பற்றவைக்க பேப்பரும் தேங்காய் நாரும் போதும். பெட்ரோல் கூடவே கூடாது. கரி மேல் சாம்பல் பூத்து வெள்ளையானதும் சமைக்க ஆரம்பிக்கலாம்.

கடைசியாக, விளையாட்டில்லாத ஒன்று. ரெண்டாவது ஞாயிறு நல்ல மழை. "தூக்கி உள்ளே வச்சுக்கலாம், ஜன்னல் திறந்துதானே இருக்கு" என்றான் ஒருத்தன். தூக்கவும் செய்தோம். வாசல்படி வரைக்கும் வந்தபோதுதான் இன்னொருத்தன் நிறுத்தினான். எரியும் கரி கார்பன் மோனாக்ஸைடு விடும். நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தூக்கம், அப்புறம் எழுந்திரிக்கவே முடியாது. குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கி இறந்தவர்களைப் பற்றிச் செய்திகளில் படித்திருப்பீங்க. அணைந்த மாதிரி சாம்பல் மூடிய கரியும் அப்படித்தான். மொட்டை மாடியோ முற்றமோ, திறந்த வெளி மட்டும்தான். மழை வந்தால் சிக்கனை உள்ளே கொண்டுபோங்க, கிரில் நனையட்டும்.

நாங்க அன்னைக்கு அதைத்தான் செய்தோம். மீதி சிக்கன் தோசைக்கல்லில் வெந்தது. அதுக்கு அடுத்த வாரம் அதே ஜூனியர்களைத் திரும்பக் கூப்பிட்டோம். இந்தத் தடவை பரோட்டா வாங்கவில்லை.