சமூக உளவியலும் வகுப்பறையும்

மனிதர் தனித்திருக்கும்போது ஒருவாறும், பிறர் நடுவே இருக்கும்போது வேறொருவாறும் நடந்துகொள்வதை யாவரும் அறிவர். அவ்வேறுபாடு எதனால் உண்டாகின்றது என்பதை ஆராயும் துறையே சமூக உளவியல் எனப்படுவது. இதனைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு ஓர் இடர் உண்டு. கணிதம் பயில வரும் மாணவன் தனக்குக் கணிதம் தெரியாதென்று எண்ணிக்கொண்டே வருகின்றான். மனித இயல்பைப் பயில வருபவனோ அதனை முன்னரே அறிந்தவனாக வந்து அமர்கின்றான். ஆசிரியர் எதனைக் கூறினும் "இது நாம் அறிந்ததுதானே" என்பான். அல்லது "பிறர் அப்படிச் செய்வர், நான் செய்யேன்" என்பான். இவ்விரண்டாவது விடையே பெரிதும் கவனிக்கத்தக்கது.

இதனை விளக்குதற்கு இரண்டு ஆய்வுகளை நேயர்களுக்கு எடுத்துக் கூற விரும்புகின்றேன். ஒன்றன்மேல் மற்றொன்று எழுந்தது.

ஜோன் டார்லி, பிப் லத்தானே என்னும் இருவர் நியூயோர்க்கில் தாம் நடத்திய பரிசோதனை ஒன்றை 1968ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மாணவர்கள் தனித்தனி அறைகளில் அமர்த்தப்பட்டு, ஒலிவாங்கி வாயிலாகத் தத்தம் வாழ்க்கை இடர்களைப் பற்றி உரையாடினர். உரையாட்டின் நடுவே ஒரு குரல் தடுமாறிற்று. வலிப்பு வருகின்றது, யாரேனும் உதவுங்கள் என்று திணறிப் பின் அடங்கிற்று. அக்குரல் முன்னரே பதிவு செய்யப்பட்டது என்பதை மாணவர் அறியார். அதனைத் தான் ஒருவனே கேட்பதாக எண்ணியவர்களுள் நூற்றுக்கு 85 பேர், குரல் அடங்குமுன்னரே எழுந்து சென்று தெரிவித்தனர். வேறு நால்வரும் கேட்கின்றனர் என்று எண்ணியவர்களுள் அவ்வாறு சென்றோர் நூற்றுக்கு 31 பேரே. எழாதிருந்தோரைக் கல்நெஞ்சர் என்று தள்ளிவிட இயலாது. அவர்களுட் பலருக்குக் கை நடுங்கிற்று, உள்ளங்கை வியர்த்திருந்தது என்று ஆய்வாளர் குறித்துள்ளனர். பலர் கேட்கும்போது பொறுப்பும் பலருக்குமாகப் பங்கிடப்பட்டுவிடுகின்றது.

இனி, இரண்டாவது ஆய்வைக் கேளுங்கள். மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் நிஸ்பெற், யூஜின் போர்கிடா ஆகியோர் 1975இல் வெளியிட்டது இது. இத்தகைய பரிசோதனையொன்றில் 15 பேருள் நால்வரே உடனே எழுந்தனர், அறுவர் கடைசி வரை எழவேயில்லை என்பதை அவர்கள் மாணவர் சிலருக்குக் கூறினர். பின்னர், அப்பரிசோதனையிற் பங்குகொண்டோர் எனச் சொல்லி, இருவருடைய நேர்காணலைத் திரையிற் காட்டினர். இருவரும் நல்ல, எளிய மனிதராகவே தோன்றினர். "இவர் என்ன செய்திருப்பார்?" என்று வினவியபோது, முடிவை அறிந்த மாணவரும் அறியாத மாணவரும் ஒரே விடையையே கூறினர்: உடனே எழுந்து சென்றிருப்பார்! படித்த எண்கள் ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிட்டன.

வேறொரு குழுவினருக்கு எண்ணிக்கையைக் கூறாது, அவ்விருவரை மட்டும் காட்டி, "இவர்கள் இருவரும் எழவில்லை, ஏனையோர் எவ்வாறு நடந்திருப்பர்?" என்று கேட்டனர். அவர்களுடைய மதிப்பீடு உண்மைக்கு மிக அணுக்கமாக அமைந்தது. பொதுவிதியிலிருந்து தனிமனிதனுக்கு இறங்கிவர மறுக்கும் உள்ளம், தனிமனிதனிலிருந்து பொதுவிதிக்கு எளிதில் ஏறிச் செல்கின்றது. 2002இல் நோபல் பரிசு பெற்ற டானியல் கானமன், 2011இல் வெளியான தமது நூலில் இவ்வாய்வை எடுத்துக்காட்டி, உளவியல் ஆசிரியர் யாவரும் எண்ணிப் பார்க்க வேண்டியது இது என்னும் கருத்துப்பட எழுதினார். அவ்வாறாயின் ஆசிரியர் காட்டவேண்டிய அத்தனிமனிதன் யார்? அம்மாணவனே என்பது என் கருத்து.

இதற்கு ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. லீ ரோஸ் என்பவரும் அவருடைய துணையாளரும் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற் செய்து 1977இல் வெளியிட்ட வினாவிடைச் சோதனை, எந்த வகுப்பிலும் நடத்தத்தக்கது. இருவரை முன்னே அழைத்து, யாவரும் காணச் சீட்டுக் குலுக்குக. சீட்டு விழுந்தவர் வினவுவோர். மற்றவர் விடை கூறுவோர். வினவுவோர் தாம் நன்கறிந்த பொருள்களிலிருந்து, கடினமான, ஆயினும் விடையுள்ள பத்து வினாக்களைத் தாமே ஆக்குதல் வேண்டும். ஸ்ரான்போட்டில் விடை கூறியோர் சராசரியாகப் பத்துக்கு நான்கே சரியாகச் சொன்னார்கள். விளையாட்டு முடிந்ததும், இவ்விருவருடைய பொது அறிவை மதிப்பிடுமாறு கேட்டால் என்ன நிகழும்? வினவியவரே மேலானவர் என்று பார்த்திருந்தோர் எழுதுவர். விடை கூறியவரும் அவ்வாறே எழுதுவார். வினவியவர் தாம் அறிந்ததை மட்டும் கேட்டார், தாம் அறியாதது வெளிப்படாதவாறு மறைந்திருந்தது என்பதையும், சீட்டு மாறி விழுந்திருப்பின் முடிவும் மாறியிருக்கும் என்பதையும் அனைவரும் கண்ணாற் கண்டவர்களே. கண்டிருந்தும் இருக்கையின் சிறப்பை ஆளின் சிறப்பாகவே கொண்டனர்.

நேர்முகத் தேர்வில் மேசைக்கு அப்பால் இருப்பவரை நாம் எவ்வாறு மதிக்கின்றோம் என்பதையும், வேலை கிடையாது திரும்பும் இளைஞன் தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வருகின்றான் என்பதையும் இவ்விடத்தில் மாணவரிடம் கேட்கலாம். வினாவை எப்போதும் தாமே தெரிந்தெடுக்கும் ஆசிரியரையும் இந்த ஆய்வு விட்டுவைக்கவில்லை என்பதைச் சொல்லாமற் செல்வது நேர்மையன்று.

இன்னொன்று மிக எளிது. ஒருவன் தனக்குத் தெரிந்த பாட்டொன்றின் தாளத்தை மேசையில் விரலாற் தட்ட, மற்றவன் அது எதுவெனக் கூறவேண்டும். எலிசபெத் நியூட்டன் 1990இல் இதனைச் செய்தபோது, தட்டிய 120 பாட்டுக்களுள் 3 மட்டுமே இனங்காணப்பட்டன. தட்டியவர்களோ பாதியேனும் விளங்கும் என்று எதிர்பார்த்திருந்தனர். தம் காதில் ஒலித்த பாட்டுப் பிறர் காதில் ஒலிக்கவில்லை என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

விளையாட்டோடு நின்றுவிடின் சிரிப்பே எஞ்சும். ஆதலின் ஒவ்வொருவரும் முடிவு இன்னதாயிருக்கும் என்றும், "நானாயின் இவ்வாறு செய்வேன்" என்றும் முன்னரே ஒரு தாளில் எழுதி மடித்து வைத்தல் இன்றியமையாதது. முடிவு தெரிந்தபின் "இதனை நான் முன்னமே அறிவேன்" என்று உள்ளம் உரைக்கும்; எழுதிய தாளை மறுக்க அதனால் இயலாது. வலிப்பு நோயாளியின் குரலை வகுப்பிற் போட்டுக்காட்டி எவரையும் ஏமாற்றத் தேவையில்லை. உதவி வேண்டி நின்ற ஒருவரைக் கண்டும் தான் கடந்து சென்ற ஒரு வேளையை மாணவன் எழுதட்டும்: அங்கே எத்தனை பேர் இருந்தனர்? தான் விரைந்துகொண்டிருந்தானா? யாருடைய முகத்தை நோக்கினான்? இத்தாளை உரக்க வாசிக்கச் சொல்லுதலும், அதற்குப் புள்ளி இடுதலும் ஆகா. புள்ளி உண்டென்றால் மாணவன் ஆசிரியர் விரும்பும் மனிதனைப் பற்றியே எழுதுவான்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மாட்டின் லூதர் கிங் 1968 ஏப்பிரல் 4ஆந் திகதி கொலையுண்டார். மறுநாள் ஐயோவா மாநிலத்து ரைஸ்வில் என்னும் ஊரில் ஜேன் எலியட் என்னும் ஆசிரியை, தம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தாற் பிரித்து, ஒரு பிரிவை உயர்ந்ததாகவும் மற்றதைத் தாழ்ந்ததாகவும் நடத்தினார். பின்னர் அதனை மாற்றியும் நடத்தினார். உலகெங்கும் புகழ்பெற்ற பாடம் அது. அவருடைய நோக்கத்தை நான் குறை கூறேன். ஆயினும் சிறு பிள்ளையின் கண்ணீரை விலையாகக் கொடுத்து வாங்கும் பாடத்தை, அதனை ஆற்றும் திறமில்லாத ஆசிரியர் எவரும் பின்பற்றலாகாது. வளர்ந்தோர் வகுப்பிலும், விலகி நிற்க விரும்புவோர்க்கு அவ்வுரிமை இருத்தல் வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று. விளையாட்டுக்கு 20 நிமிடம் போதும். அதன் பின்னர் பேசுதற்கு அதனினும் மிகுந்த நேரம் வேண்டும். தன்னைக் குறைத்து மதிப்பிட்டுக்கொண்ட அந்த விடை கூறுவோன் மணி ஒலித்தவுடன் அந்த எண்ணத்தோடேயே வெளியேறிவிடக் கூடாது. மடித்து வைத்த தாள்களை யாவரும் பிரித்துத் தாமே படித்து முடிந்தபின், 85, 31 என்னும் எண்களை ஆசிரியர் கரும்பலகையில் எழுதலாம்.