ஆறுமணிக்குருவி

மாலை 6 மணி. கிண்டி தேசியப் பூங்காவின் புதருக்குள்ளிருந்து இரட்டை விசில் ஒன்று கேட்கிறது. பையன்கள் யாரும் இல்லை நேயர்களே, அது ஆறுமணிக்குருவி! விடியலிலும் அந்தியிலும் தவறாமல் கூவுவதால் வந்த பெயர்.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தெற்கே வருகிறது. இலங்கை வரைக்கும் போகும். பறந்த களைப்பில் சில சமயம் நம் வீட்டுக் கொல்லையிலேயே வந்து விழுந்து கிடப்பதும் உண்டு.

பச்சை முதுகு, தோளில் பளீரென்று நீலம், கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. இந்தியில் இதற்கு 'நவரங்' என்று பெயர். இத்தனை நிறமிருந்தும் கண்ணில் படாது என்பதுதான் வேடிக்கை. நிழலில், தரையில், சருகைப் புரட்டிப் புழு பூச்சி பொறுக்கும். மரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம் என்பார்கள் புதிதாகத் தேடுகிறவர்கள்.

அசையாமல் உட்காருங்கள். சருகு சரசரக்கும். இரண்டு தத்து, ஒரு நிற்றல். அந்தக் குட்டை வால் மட்டும் மெல்ல மேலும் கீழும் ஆடும்.