மருந்துக்கு மசியாத கிருமிகள்

1998-ம் வருஷம். அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டன் பக்கத்துப் பெரிய கடைகளில் சிலர் கொத்துக்கறி வாங்கினார்கள். கோழி, வான்கோழி, மாடு, பன்றி என்று ரகவாரியாக இயந்திரத்தில் அரைத்துப் பொட்டலம் கட்டி வைத்த கறி. ஒன்றல்ல, இரண்டல்ல; 200 பொட்டலங்கள்! ஏதோ பெரிய விருந்து என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. அத்தனையும் அடுப்புக்குப் போகாமல் பரிசோதனைச் சாலைக்குப் போயின.

அமெரிக்க அரசாங்கத்தின் உணவு, மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகளும், மேரிலாண்ட் சர்வகலாசாலை விஞ்ஞானிகளும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி அது. 2001-ம் வருஷம் அக்டோபர் மாதம் ஒரு பிரபல வைத்தியப் பத்திரிகையில் முடிவு வெளியாயிற்று. 200 பொட்டலங்களில் 41-ல் 'ஸால்மொனெல்லா' என்ற கிருமி இருந்தது. பேதியையும் ஜுரத்தையும் உண்டாக்கும் கிருமி இது.

கறியில் கிருமி இருப்பது புதிய சங்கதி அல்ல. அடுத்த சங்கதியைக் கேளுங்கள். பிரித்தெடுத்த கிருமிகளில் நூற்றுக்கு 84, ஏதாவது ஓர் ஆண்டிபயாடிக் மருந்துக்காவது மசியவில்லை. நூற்றுக்கு 53, மூன்று மருந்துகளுக்கும் அதற்கு மேலும் அசைந்து கொடுக்கவில்லை!

இந்தக் கிருமியால் வரும் பேதி பெரும்பாலும் மருந்தில்லாமலே ஐந்தாறு நாளில் நின்றுவிடும். ஆனால் பச்சிளங்குழந்தைகளுக்கும் வயோதிகர்களுக்கும் சில சமயம் கிருமி ரத்தத்தில் கலந்துவிடுகிறது. அப்போது குழந்தைகளுக்கு டாக்டர்கள் நம்பிப் போடும் ஊசி மருந்து 'செப்ட்ரியாக்ஸோன்'. அந்தக் கறியில் கிடைத்த கிருமிகளில் நூற்றுக்கு 16, அந்த மருந்தையே எதிர்த்து நின்றன. தொட்டிலருகில் கண் விழித்திருக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். இந்த 16 எவ்வளவு பெரிய எண் என்பது புரியும்.

கோழிக்கும் மாட்டுக்கும் உள்ளே இருக்கும் கிருமி இந்த வித்தையை எங்கே கற்றது? தீவனத் தொட்டியில்தான்! 1950-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு விசித்திரத்தை அறிவித்தார்கள். ஆரியோமைசின் என்ற ஆண்டிபயாடிக்கைத் தீவனத்தில் கொஞ்சம் கலந்து கொடுத்தால் கோழிக்குஞ்சுகள் மளமளவென்று வளர்ந்தன. பண்ணைக்காரர்கள் விடுவார்களா? நோய் இல்லாத பிராணிகளுக்கும் தினம் தினம் மருந்து போயிற்று.

சிறிய அளவில் மருந்து பட்டால் பலவீனமான கிருமிகள் சாகும். தாக்குப் பிடித்தவை தப்பும். தப்பியவை பல்கிப் பெருகும். அது மட்டுமா? தாங்கள் தப்பிய ரகசியத்தைப் பக்கத்துக் கிருமிகளுக்கும் கொடுத்துவிடும்! அளவு குறைந்த மருந்தால் வரும் இந்த ஆபத்தைப் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோதே எச்சரித்திருந்தார்.

எல்லோரும் சும்மா இருந்துவிடவில்லை. கொழுக்க வைப்பதற்காக ஆண்டிபயாடிக் கொடுப்பதை ஸ்வீடன் 1986-ல் தடை செய்தது. ஐரோப்பிய யூனியன் 2006-ல் முழுத் தடை விதித்தது. மனித வைத்தியத்துக்கு முக்கியமான மருந்துகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலப்பதை அமெரிக்கா 2017-ல் நிறுத்தியது. நம் இந்தியாவும் 2019-ல் 'கோலிஸ்டின்' என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுக்கக் கூடாதென்று தடுத்தது.

அது சரி, கொத்துக்கறியில் மட்டும் என்ன விசேஷம் என்கிறீர்களா? முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேல் பாகத்தில்தான் இருக்கும். சூடு பட்டதும் செத்துவிடும். அரைத்தால் மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது. பல பிராணிகளின் கறியும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது.

ஆனாலும் பயப்பட வேண்டாம். மருந்துக்கு மசியாத கிருமியும் நெருப்புக்கு மசியும்! மாட்டு, ஆட்டுக் கொத்துக்கறியின் நடுப்பாகம் 71 டிகிரி சென்டிகிரேடும், கோழிக் கறியாயிருந்தால் 74 டிகிரியும் சூடேற வேண்டும். மசாலாவில் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வேக வைக்கும் நம் வீட்டுச் சமையலில் இது சிரமமில்லை. உருண்டையும் கட்லெட்டும் செய்யும்போதுதான் கவனம் வேண்டும். மேலே சிவந்துவிட்டது என்று இறக்கிவிடாதீர்கள். உள்ளே வெந்ததா என்று பாருங்கள்.

இன்னொன்று: பச்சைக் கறி அரிந்த கத்தியால் அப்படியே வெள்ளரிக்காயை நறுக்காதீர்கள். கறி தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே உப்பு ஜாடியைத் தொடுங்கள். கோழியைக் குழாயடியில் வேகமாகக் கழுவினால் தெறிக்கும் தண்ணீரோடு கிருமியும் நாலு பக்கமும் தெறிக்கும்.

கிருமியைக் கொல்ல உங்கள் அடுப்பு போதும். ஆனால் கிருமிக்கு வித்தை கற்றுக் கொடுக்கும் பள்ளிக்கூடத்தை மூட அடுப்பு போதாது. பண்ணையில் அதை மூடுவது சர்க்கார் வேலை. வீட்டில் மூடுவது நம் வேலை. போன ஜுரத்தில் மிச்சமான ஆண்டிபயாடிக் மாத்திரை அலமாரியில் இருக்கிறதா? இந்த ஜுரத்துக்கு அதை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். டாக்டரைக் கேளுங்கள். நாளைக்கு ஏதோ ஒரு வீட்டுக் குழந்தைக்கு அந்த மருந்து வேலை செய்ய வேண்டும் அல்லவா?