ஐந்து ஓட்டம், ஐந்து விக்கெட்: பண்டமாரானில் ஒரு முதல் ஆட்டம்

2025 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை. பிரிக்பீல்ட்ஸில் வேலை முடிந்து கே.எல். சென்ட்ரலை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கிள்ளானிலிருந்து அண்ணன் மகள் அழைத்தாள். இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம் படிப்பவள்.

"சித்தப்பா, முப்பத்தொன்னு! நம்ம அணி மொத்தமே முப்பத்தொன்னுதான். அஞ்சு விக்கெட் எடுத்த அக்காவுக்கு இதுதான் முதல் மேட்ச்சாம். அஞ்சே அஞ்சு ரன்தான் குடுத்திருக்காங்க!"

குரலில் பாதி வியப்பு, பாதி வெட்கம். வெட்கம் மலேசிய அணிக்காக மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். சில வாரங்களுக்கு முன்புதான் அவளும் பள்ளி அணிக்காகத் தன் முதல் ஆட்டத்தை ஆடியிருந்தாள். இரண்டு ஓவர், 19 ஓட்டம், விக்கெட் இல்லை. வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை விக்கெட்?" இல்லை என்றதும் அண்ணி, "சரி விடு, பாடத்தைப் பாரு" என்றார். அன்று கட்டிலுக்கு அடியில் போன கிரிக்கெட் பை அதற்குப் பிறகு வெளியே வரவில்லை.

அவள் சொன்ன அந்த "அக்கா" வைஷ்ணவி சர்மா. மத்தியப் பிரதேசத்தின் குவாலியரைச் சேர்ந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான டி20 உலகக் கிண்ணம் அந்த மாதம் நம் நாட்டில் நடந்தது. இந்தியாவின் ஆட்டங்கள் பாயுமாஸ் திடலில். அனைத்துலகக் கிரிக்கெட் மன்றத்தின் பட்டியலில் அந்தத் திடலுக்கு எதிரே "கோலாலம்பூர்" என்று இருக்கும். அது பண்டமாரானில் இருக்கிறது என்பது கிள்ளான்காரர்களுக்குத் தெரியும்; பெருமையை இன்னொரு ஊருக்கு விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனமும் வராது.

அன்று வைஷ்ணவி வீசியது நான்கு ஓவர். அதில் ஓர் ஓவரில் ஓட்டமே இல்லை. ஐந்து ஓட்டம் கொடுத்து ஐந்து விக்கெட், அதிலும் பதினான்காவது ஓவரில் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று பேர். மலேசியா 14.3 ஓவரில் 31 ஓட்டங்களுக்குச் சுருண்டது. நம் பிள்ளைகளில் ஒருவர்கூட இரட்டை இலக்கத்தை எட்டவில்லை. இந்தியா 2.5 ஓவரில் விக்கெட் இழக்காமல் ஆட்டத்தை முடித்தது. அந்த உலகக் கிண்ணப் போட்டியில் ஹாட்ரிக் எடுத்த முதல் இந்தியப் பெண் என்ற பெயர் வைஷ்ணவிக்குக் கிடைத்தது.

சரி, இந்த முதல் ஆட்டத்தை எப்படி எடை போடுவது?

எண்களை அப்படியே நம்பினால் இதைவிடப் பெரிய தொடக்கம் இருக்க முடியாது. ஆனால் எதிரே நின்றவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். மலேசியாவுக்கு அது முதல் 19 வயதுக்குட்பட்ட உலகக் கிண்ணம். இரண்டு நாள் முன்பு இதே பிள்ளைகள் இலங்கையிடம் 23 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்திருந்தார்கள். அன்று பந்து வீசியது வைஷ்ணவி இல்லையே! அந்த அணியில் சுவாபிகா மணிவண்ணன் என்று ஒரு தமிழ்ப் பெயரும் இருந்தது. இந்தியாவில் பெண்கள் பிரீமியர் லீக்கில் இடம் பிடிக்க ஆயிரக்கணக்கான பெண்கள் முட்டி மோதுகிறார்கள். இங்கே பெண் பிள்ளை கிரிக்கெட் ஆடுகிறாள் என்றால், "பூப்பந்து இல்லையா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். இந்த இடைவெளியும் அந்த 31க்குள் இருக்கிறது. ஐந்து விக்கெட்டில் எவ்வளவு வைஷ்ணவியின் கைவண்ணம், எவ்வளவு நம் அனுபவக்குறைவு என்பதை அந்த ஒரு பிற்பகலை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

பாயுமாஸ் திடலுக்கு இது புதிதும் இல்லை. 2023 ஜூலை 26 அன்று நம் வேகப்பந்து வீச்சாளர் சியாஸ்ருல் இட்ருஸ் இதே திடலில் சீனாவுக்கு எதிராக எட்டு ஓட்டம் கொடுத்து ஏழு விக்கெட் எடுத்தார். ஆண்களுக்கான அனைத்துலக டி20 ஆட்டம் ஒன்றில் ஒருவர் ஏழு விக்கெட் எடுத்தது அதுவே முதல் முறை. சீனா 23க்கு ஆட்டமிழந்தது. அன்று உலகமே மலேசியாவைப் பாராட்டியது. "எதிரணி சீனாதானே" என்று உதட்டைப் பிதுக்கியவர்களும் உண்டு. நமக்குச் சாதகமாக இருந்தபோது ஒரு அளவுகோல், பாதகமாக இருக்கும்போது இன்னொன்று என்று வைத்துக்கொள்ள முடியாது.

ஆனால் சியாஸ்ருல் எடுத்த அந்த ஏழும் போல்டு. இது சாதாரண விஷயம் இல்லை. ஏன் என்று சொல்ல, நமக்குப் பழக்கமில்லாத ஒரு விளையாட்டுக்குக் கொஞ்சம் போய்வர வேண்டும்.

அமெரிக்காவின் பேஸ்பாலில் பந்தெறிபவரைப் பிட்சர் என்பார்கள். பந்து அடிபட்ட பிறகு என்ன நடக்கும் என்பது பெரும்பாலும் பிட்சர் கையில் இல்லை. களத்தில் நிற்பவர்களின் திறமையும் அதிர்ஷ்டமும்தான் அதை முடிவு செய்கின்றன என்று 2001இல் வோரோஸ் மெக்ராக்கன் என்பவர் எழுதினார். அப்போது பலர் சிரித்தார்கள். பிறகு அணி நிர்வாகங்களே அந்த வழியில் கணக்குப் போடத் தொடங்கின. பிட்சருக்கே சொந்தமானவை என்று அவர்கள் முக்கியமாகப் பார்ப்பவை மூன்று. அடிப்பவரை மூன்று முறை ஏமாற்றி வெளியே அனுப்பும் 'ஸ்டிரைக் அவுட்' ஒன்று. குறி தவறி நான்கு பந்து எறிந்து, அடிப்பவரைச் சும்மா முதல் தளத்துக்கு நடக்கவிடும் 'வாக்' இன்னொன்று. எல்லைக்கு வெளியே பறக்கும் 'ஹோம் ரன்' மூன்றாவது. இந்த மூன்றிலும் களத்தில் நிற்பவருக்குப் பொதுவாக வேலை இல்லை.

குமார் ராக்கர் என்ற இளைஞரைப் பாருங்கள். பெயரைக் கேட்டதும் நம் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறதா? நம் குடும்பங்களில் குமார் இல்லாத குடும்பம் ஏது! தாயார் லலிதா இந்திய வம்சாவளியினர்; தந்தை டிரேசி ராக்கர் அமெரிக்கக் காற்பந்தில் பெயர் பெற்றவர். 2021இல் நியூயார்க் மெட்ஸ் அணி குமாரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அவருடைய கையின் நிலையை நினைத்துத் தயங்கி ஒப்பந்தம் போடாமலே விட்டது. மறு ஆண்டு டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 2023இல் முழங்கையில் அறுவை சிகிச்சை. எல்லாவற்றையும் தாண்டி 2024 செப்டம்பர் 12 அன்று சியாட்டிலில் மேஜர் லீக்கில் முதல் முறையாகக் களமிறங்கினார்.

நான்கு இன்னிங்ஸ் எறிந்தார். ஒரு ஓட்டம்தான் போனது. ஆனால் கணக்குப் பார்ப்பவர்கள் அந்த ஒன்றோடு நிற்க மாட்டார்கள். நான்கு இன்னிங்ஸ் என்றால் பன்னிரண்டு பேரை வெளியே அனுப்ப வேண்டும். அதில் ஏழு பேரை குமார் ஸ்டிரைக் அவுட்டில் அனுப்பினார். களத்தில் நின்றவர்கள் கையைக்கூட அசைக்க வேண்டியதில்லை. சும்மா நடக்கவிட்டது இரண்டு பேரை. ஆகவே, நல்ல தொடக்கம். சியாஸ்ருலின் ஏழு போல்டுகளை அதிகம் மதிக்கத் தோன்றுவதும் இதனால்தான்: கேட்ச் பிடித்துத் தர யாரும் தேவைப்படவில்லை.

அவர்கள் கவனிக்கும் இன்னொன்றும் உண்டு. ஒரே ஆட்டத்தில் ஓர் அடிப்பவர் அதே பிட்சரை இரண்டாவது, மூன்றாவது முறை சந்திக்கும்போது என்ன ஆகிறது? முதல் முறை புரியாத பந்து மூன்றாவது முறை புரிந்துவிடுகிறது. ஆட்டத்துக்கு ஆட்டமும் அதே கதைதான். புதியவரின் முதல் நாளில் எதிரணிக்கு அவரைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. நாலு ஆட்டம் போனால் காணொளியைப் போட்டுப் பார்த்துத் தயாராக வருவார்கள். குமாருக்கும் அது எளிதாக இல்லை. 2025இல் தடுமாறி, மைனர் லீக்குக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

கிரிக்கெட்டில் இதற்கு நரேந்திர ஹிர்வானியைச் சொல்லாமல் முடியாது. 1988 ஜனவரி, சென்னை சேப்பாக்கம். பத்தொன்பது வயதில் முதல் டெஸ்ட், எதிரே மேற்கிந்தியத் தீவுகள். 136 ஓட்டங்களுக்குப் பதினாறு விக்கெட்! பந்து தாறுமாறாகத் திரும்பிய ஆடுகளம் அது. இரண்டாவது இன்னிங்ஸில் விக்கெட் காப்பாளர் கிரண் மோரே மட்டும் ஐந்து பேரை ஸ்டம்பிங் செய்தார். அதாவது அடிப்பவர்கள் பொறுமையிழந்து இறங்கி வந்துகொண்டே இருந்தார்கள். ஹிர்வானி மொத்தம் ஆடியது 17 டெஸ்ட், எடுத்தது 66 விக்கெட். அந்தப் பதினாறு கிட்டத்தட்ட கால்வாசி.

மறுபக்கம் முரளிதரன். தாத்தா தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்; நம் தாத்தாக்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்ததுபோல. 1992 ஆகஸ்டில் கொழும்பில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். மூன்று விக்கெட்டுக்கு 141 ஓட்டம் கொடுத்தார். அன்று வீட்டில் யாராவது "எத்தனை விக்கெட்?" என்று கேட்டிருந்தால், "மூன்று" என்ற பதிலில் என்ன தெரிந்திருக்கும்? பதினெட்டு ஆண்டு கழித்து 800 விக்கெட்டோடு விடைபெற்றார். அதே 1992இல் சிட்னியில் அறிமுகமான ஷேன் வார்ன் எடுத்தது ஒரே விக்கெட், கொடுத்தது 150. அவர் முடித்தது 708இல்.

வைஷ்ணவிக்கு வருவோம். அந்த ஐந்து விக்கெட்டைவிட அதற்குப் பிறகு அதே பண்டமாரானில் நடந்ததைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். இலங்கைக்கு எதிராக ஒரு விக்கெட். பங்களாதேஷ், ஸ்காட்லாந்து, அரையிறுதியில் இங்கிலாந்து என்று ஒவ்வொன்றிலும் மூன்று. பிப்ரவரி 2 இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இரண்டு. ஆறு ஆட்டத்தில் மொத்தம் 17. போட்டியிலேயே அதிக விக்கெட் அவருக்குத்தான். எதிரணி வலுவாக ஆக, எண்கள் சுருங்கின. இங்கிலாந்துக்கு எதிராகவும் இறுதியாட்டத்திலும் 23 ஓட்டம் கொடுத்தார். அதுதான் இயற்கை. ஆனால் விக்கெட் இல்லாமல் ஓர் ஆட்டமும் போகவில்லை. தற்செயல் ஆறு முறை தொடர்ந்து வராது. (அந்த அரையிறுதியில் ஆட்டமிழக்காமல் 56 எடுத்து வெற்றியை முடித்து வைத்தவர் தமிழ்நாட்டுப் பிள்ளை கமலினி. நம்மவர் என்பதால் அடைப்புக்குள்ளாவது சொல்லிவிடுகிறேன்.)

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒருநாள் கிள்ளானுக்குப் போனபோது, அண்ணன் மகளிடம் அவளுடைய முதல் ஆட்டத்தின் ஓட்டக்கணக்கைக் கேட்டேன். பயிற்றுநர் எழுதிய பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தாள். இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பந்து பந்தாகப் பார்த்தோம். 19 ஓட்டத்தில் பதினொன்று வைடு. மட்டையிலிருந்து வந்தது எட்டுதான். பதினோரு வைடு எறிந்தும், ஒழுங்காக விழுந்த பன்னிரண்டு பந்தில் ஒரு பவுண்டரிகூட இல்லை. ஒரு கேட்ச் தவறவிடப்பட்டிருக்கிறது.

"கேட்ச் விட்டது உன் கணக்கு இல்ல. வைடு உன் கணக்கு. பேஸ்பால்காரங்க 'வாக்'னு சொல்றது இதைத்தான்" என்றேன்.

"அப்ப நான் மோசமா போடலையா?"

"மோசமாத்தான் போட்டே. ஆனா நீ நெனச்ச மாதிரி இல்ல."

அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "அந்தப் பைய வெயில்ல போடு, கட்டிலுக்கு அடியில கெடந்து நாறுது" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிது.

2025 டிசம்பர் 21 அன்று வைஷ்ணவி இந்தியாவின் மூத்தோர் அணிக்காக முதல் முறையாகக் களமிறங்கினார். விசாகப்பட்டினத்தில் இலங்கைக்கு எதிரான டி20. நான்கு ஓவர், 16 ஓட்டம், விக்கெட் இல்லை. மறுநாள் செய்திகளில் தலைப்புக்கு வரும் எண் இல்லை அது. டி20யில் ஓவருக்கு ஆறு கொடுத்தாலே நல்ல வீச்சு என்பார்கள், நான்கு கொடுத்திருக்கிறார். அதுவும் அனைத்துலக அனுபவம் உள்ள மட்டையாளர்களுக்கு. பண்டமாரானின் ஐந்துக்கு ஐந்தா, விசாகப்பட்டினத்தின் பதினாறுக்குப் பூஜ்யமா, எது சிறந்த அறிமுகம் என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். கிள்ளானில் இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். தே தாரிக் முடியும்வரை வாதாடத் தயார்.

அன்று இரவு அண்ணன் மகளே அழைத்தாள். ஆட்டத்தைப் பார்த்திருக்கிறாள். அவளும் இப்போது பள்ளி அணியில் தொடர்ந்து வீசுகிறாள். கடைசியாக ஆடிய ஆட்டத்தில் மூன்று ஓவர்.

"எத்தனை வைடு?" என்று கேட்டேன்.

"ரெண்டு சித்தப்பா. அதுல ஒன்னு வைடே இல்ல, அம்பயருக்குக் கண்ணு தெரியல."