பாஸிடம் பேசியதைத் தாளில் எழுதி வையுங்கள்

சின்னம்மாவின் புது வீட்டுக் கூரையில், ஆணியைத் தகட்டின் மேட்டில் அடிக்காமல் பள்ளத்தில் அடித்திருந்தார், கட்டட வேலையைப் பொறுப்பெடுத்த பாஸ். மழைத்தண்ணீர் ஓடுகிற வழியிலேயே ஆணித்துளை. பொகவந்தலாவையில் மே மாத மழை பிடித்த முதல் இரவே ஒவ்வொரு ஆணியிலிருந்தும் சொட்டத் தொடங்கியது. சட்டி பானைகளை வரிசையாக வைத்துவிட்டு பாஸுக்குப் போன் எடுத்தோம். போன் அணைந்திருந்தது. ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாப நிதிக் காசில் முக்கால்வாசி அவர் கைக்குப் போயிருந்தது. அதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. முறையிடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் அவருடைய முழுப்பெயரே எங்களுக்குத் தெரியாது என்பது புரிந்தது. எல்லோரும் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிட்டோம்.

இதில் சின்னம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். தலைமுறை தலைமுறையாக லயத்துக் காம்பராவில் இருந்தவர்கள் நாம். காற்றில் தகரம் பறந்தால் தோட்டத்து ஆபீசில் சொல்வோம். செய்வார்கள், சில நேரம் செய்யாமலும் விடுவார்கள். கூலி பேசி வேலை வாங்கும் பழக்கம் நமக்கு வாய்க்கவில்லை. 2015க்குப் பிறகுதான் ‘பசுமை பூமி’ திட்டத்தில் 7 பேர்ச்சஸ் காணி என்ற பேச்சு லயங்களுக்குள் வந்தது. இந்திய உதவியில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே மாதம் பக்கத்து நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அப்படிக் கிடைத்த வீட்டுக்கு ஒரு குசினி இறக்குகிறவர்களும், சொந்தக் காசில் கட்டுகிறவர்களும் இன்று முதன்முறையாக மேசனையும் தச்சரையும் மின்வேலைக்காரரையும் தாமே தேடுகிறார்கள்.

பெரும்பாலான பாஸ்மார் நேர்மையாக உழைக்கிறவர்கள். அவர்களை நம்பித்தான் ஆகவேண்டும். அந்த நம்பிக்கைக்கு ஒரு தாள் துணையாக இருக்கட்டும்.

வேலை கொடுப்பதற்கு முன்

அவர் கட்டிய வீடுகளில் இரண்டையாவது நேரில் போய்ப் பாருங்கள். ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய வீடாக இருந்தால் நல்லது. வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி போதும்: சொன்ன நாளில் முடித்தாரா, குறை சொன்னபோது திரும்பி வந்தாரா?

பிறகு ஒரு கொப்பித் தாளில் எழுதுங்கள். இருவரின் முழுப்பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், என்ன வேலை, என்ன அளவு, சாமான் யார் பொறுப்பு, மொத்தக் கூலி, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, முடிக்கும் நாள், குறை தெரிந்தால் எத்தனை மாதம் வரை இலவசமாகத் திருத்தித் தருவார். இரண்டு பிரதி எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, ஒரு சாட்சியும் ஒப்பமிட்டால் போதும். கூலிவேலை ஒப்பந்தத்துக்கு நொத்தாரிசு தேவையில்லை.

தாள் கேட்டால் பாஸ் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வரும். பேசிய கூலியைக் குறைக்கவோ, பேசாத வேலையைத் தலையில் கட்டவோ நம்மாலும் முடியாது என்பதற்கு அந்தத் தாள்தான் அவருக்கும் சாட்சி. அதைச் சொல்லிக் கேளுங்கள்.

சட்டத்திலும் இதற்குப் பெறுமதி உண்டு. வழக்குத் தொடுக்கும் காலத்தை வரையறுக்கும் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டுகள்தான். எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டுகள்.

காசு கொடுக்கும் முறை

வடக்கு, கிழக்கில் இந்திய உதவி வீடுகளுக்கு 550,000 ரூபாய் கொடுத்தபோது அதை ஒரே தடவையில் கொடுக்கவில்லை. வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, நான்கு தவணையாகக் கொடுத்தார்கள். நாமும் அப்படியே செய்யலாம். அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு என்று பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்தபின் கொடுங்கள். கடைசிப் பங்கை ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்தபின் கொடுப்பதாக முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் திகதியோடு ஒப்பம் வாங்குங்கள்.

சீமெந்தையும் தகட்டையும் கூடுமானவரை நீங்களே கடையில் வாங்குங்கள். எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, உங்கள் பெயருக்குச் சிட்டை கேளுங்கள்.

உயிரோடு விளையாடக் கூடாத இரண்டு இடங்கள்

ஒன்று, மின்சாரம். வயரிங் செய்பவரிடம் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழைக் கேளுங்கள். வேலை முடிந்ததும் டிரிப் சுவிட்சில் ‘டி’ எழுத்துள்ள சின்னப் பொத்தானை அவர் முன்னாலேயே அழுத்துங்கள். வீட்டு மின்சாரம் சட்டென்று நிற்கவேண்டும். நிற்காவிட்டால் வேலை முடியவில்லை.

மற்றது, மண். 7 பேர்ச்சஸில் இன்னும் ஓர் அறை வேண்டுமென்று வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டைச் செங்குத்தாக வெட்டுகிறோம். “ஒன்றும் ஆகாது” என்று பாஸ் சொல்லலாம். சுவரைப் பற்றி அவருக்குத் தெரியும். மலைச்சரிவைப் பார்த்துச் சொல்ல வேண்டியது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவில் லயங்களோடு மனிதர்களும் மண்ணுக்குள் போனதை மலையகம் மறக்கவில்லை. வெட்டுவதற்கு முன் பிரதேச சபையிலும் கிராம உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். கட்டட அனுமதியையும் அங்கேயே கேட்டு எடுங்கள்.

ஏமாந்துவிட்டால்

முதலில் குறையைப் படம் எடுங்கள். திருத்தித் தரும்படி நாள் குறித்து எழுத்தில் கேளுங்கள். போனில் அனுப்பும் செய்தியும் எழுத்துத்தான்.

அதற்கும் அசையாவிட்டால், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போங்கள். இணக்க சபை என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலையில் கூடும். சட்டத்தரணி வேண்டாம். இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து நீதிமன்றம் போகலாம்.

கடைச் சாமான் தரமில்லை என்றாலோ, தொழிலாகச் சேவை செய்பவர் அக்கறையில்லாமல் வேலை செய்தாலோ, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். துரித இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில், 3 மாதத்துக்குள் போய்ச் சேரவேண்டும். இந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

வேலை செய்யும் எண்ணமே இல்லாமல் காசை வாங்கிக்கொண்டு ஓடியிருந்தால் அது மோசடி; பொலிஸில் முறையிடுங்கள். வேலை தாமதமானது, தரமில்லை என்பவை சிவில் விடயம் என்று பொலிஸார் சொல்லக்கூடும். உங்கள் முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எதிலும் ஒப்பமிடாதீர்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இத்தனை வாசலில் எதைத் தட்டினாலும் முதலில் கேட்பது எதிராளியின் பெயரும் விலாசமும்தான். சின்னம்மாவிடம் அது இருக்கவில்லை. அதனால் கூரையைத் தம் செலவிலேயே திருப்பிப் போட்டார். இந்த முறை வந்த பாஸிடம் தேநீர்க் கோப்பையோடு ஒரு கொப்பியையும் நீட்டினார். அவர் முகம் கோணாமல் முழுப்பெயரை எழுதி, ஒப்பமிட்டுக் கொடுத்தார்.